பேர் போடுவது யார்?

என் போன் கலண்டரில் ஒவ்வொரு வருஷமும் ஒக்டோபர் 29ஆம் திகதி ஒரு பதிவு வரும்: "மீரியபெத்த. வீட்டுக்குப் போகணும்." 2014இல் அன்று காலையில்தான் மலை சரிந்து எங்க ஊர் லயங்களை மூடியது. நான் அப்போ அஞ்சாம் வகுப்பு.

போன ஒக்டோபரில், தோட்டத்து முதியவர்களின் பேட்டிகளுக்காக ஒரு சின்ன இணையதளம் செய்துகொண்டிருந்தேன். கோடிங் எனக்குத் தெரியாது. ஒரு ஏஐ உதவியாளர்தான் எழுதித் தந்தது. பேட்டித் திகதிகளை அதுவே எடுத்துக்கொள்ளட்டும் என்று கலண்டரையும் அதோட இணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது கேட்டது: 29ஆம் திகதி ஒப்படை இருக்கிறது, மற்றப் பதிவை 31க்கு மாற்றவா?

கேட்டதில் தப்பில்லை. அதுக்கு அது ஒரு பதிவு, அவ்வளவுதான். ஆனா எனக்கு அம்மாயி ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் "பேர்" என்றால் பெயர் மட்டுமில்ல, ஒரு நாள் சம்பளமும் அதுதான். காலையில் பெரட்டுக்குப் போகணும். செக்ரோலில் பேர் விழணும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அம்மாயி நாள் முழுக்க மலையில் நின்றிருப்பார். அது முழு நாளா, அரை நாளா என்று எழுதும் பேனா வேறொருவர் கையில். 2016 கூட்டு ஒப்பந்தத்தில்கூட 730 ரூபாயில் 60 ரூபாய் வரவுக்கான கொடுப்பனவு. அந்த வரவும் அதே ஏட்டில்தான்.

அதுக்கும் முன்னால் "துண்டு" இருந்தது. கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு. கங்காணிகள் அதை வைத்துத்தான் ஆட்களைத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் சட்டம் அதைத் தடை செய்தது. துண்டோ செக்ரோலோ, நம்ம நாட்களை எழுதும் உரிமை நம்மகிட்ட இருக்கல.

இப்போ கலண்டருக்கு வருவோம். 1998இல் ஐகலண்டர் என்ற பொது வடிவம் வந்தது. ஒரு நிகழ்ச்சி எப்போ தொடங்கும், முடியும், எத்தனை தடவை திரும்ப வரும் என்பதை எந்த மென்பொருளும் வாசிக்கலாம். 2012இல் ஓஆத் 2.0. கடவுச்சொல்லைக் கொடுக்காமலே, "இதை மட்டும் செய்யலாம்" என்று இன்னொரு மென்பொருளுக்கு அனுமதி கொடுக்கும் முறை. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி, ஏஐ உதவியாளர்களை இப்படியான வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது வழி.

இணைக்கும்போது வரும் அனுமதித் திரையை நாம யாரும் வாசிக்கிறதில்ல. அங்கதான் விஷயமே இருக்கு. வாசிக்க மட்டும் அனுமதியா, எழுதவும் அழிக்கவுமா? இன்னொன்று: நம்ம கலண்டரில் மற்றவர்களும் எழுதலாம், அழைப்பு அனுப்பி. 2025இல் ஆய்வாளர்கள் கூகுள் கலண்டர் அழைப்புக்குள் கட்டளைகளை ஒளித்து வைத்து, ஜெமினியைத் தாங்கள் சொன்னபடி நடக்கவைத்துக் காட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதை, நாம் சொன்னதாக உதவியாளர் எடுத்துக்கொண்டது.

அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சொல்லல. அந்தத் தளம் அதனால்தான் முடிந்தது. ஆனா ஏட்டில் இருப்பதும் நடப்பதும் ஒன்றில்லை என்று எங்க ஊருக்குத் தெரியும். 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மீரியபெத்த ஆபத்தான இடம், மக்களை மாற்றணும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மலை சரிந்தபோது சனம் அதே லயங்களில்தான் இருந்தது.

நான் இப்போ பேட்டிகளுக்குத் தனிக் கலண்டர் வைத்திருக்கிறேன். உதவியாளருக்கு அது மட்டும்தான் தெரியும், அதுவும் வாசிக்க மட்டும். ஒப்படையை இரண்டு நாள் முன்னாடியே கொடுத்துவிட்டு, 28ஆம் திகதி இரவு பஸ் ஏறினேன்.