போலிக் கையொப்பமும் பத்து டொலர் தாளும்

1966ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் அவுஸ்திரேலியா பவுணைக் கைவிட்டு டொலர் நாணயத்துக்கு மாறியது. அன்று வெளியிடப்பெற்ற பத்து டொலர் தாளிலே காணப்பட்ட முகம் அரசருடையதன்று, படைத்தலைவருடையதுமன்று. போலிப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பெற்ற பிரான்சிஸ் கிறீன்வே என்பவருடைய முகம் அது.

கிறீன்வே 1777ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகருக்கு அண்மையிலே, கல்வேலையிலும் கட்டட வேலையிலும் தேர்ந்த குடும்பத்திற் பிறந்தவர். இலண்டனிலே ஜோன் நாஷ் என்னும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞரிடம் கட்டடக்கலை பயின்றவர். பின்னர் சகோதரர்களுடன் பிறிஸ்டலில் தொழில் நடாத்தி, 1809இல் வங்குரோத்தடைந்தார். ஒரு வீட்டு வேலைக்கு மேலதிகமாக 250 பவுண் தர உடன்பட்டதாகக் காட்டும் பத்திரமொன்றைப் போலியாகத் தயாரித்தாரென்பது 1812இல் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். நண்பர் சிலரின் ஆலோசனைப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் அக்குற்றத்துக்குத் தண்டனை தூக்குமரமே. பின்னர் அது பதினான்கு ஆண்டுத் தீவாந்தர தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

'ஜெனரல் ஹியூவிற்' என்னும் கப்பலில் அவர் 1814 பெப்ரவரியிலே சிட்னியை அடைந்தார். அப்பயணத்தில் நோய்க்கு இரையான கைதிகள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர். மனைவியும் மைந்தர் மூவரும் அவ்வாண்டிலேயே பின்தொடர்ந்து வந்து சேர்ந்தனர்.

அப்பொழுது நியூ சவுத் வேல்ஸின் தேசாதிபதியாயிருந்தவர் லக்லன் மக்குவாரி. அவர் ஒரு நூலிலுள்ள கட்டட வரைபடத்தைக் காட்டி, அதனைப் பிரதி செய்து தருமாறு கேட்டார். பிறர் படத்தைப் பிரதி செய்வது தமது தகுதிக்குத் தாழ்வென்று கைதியாகிய கிறீன்வே மறுமொழி எழுதினார்! தேசாதிபதி சினந்தாராயினும் ஆளைக் கைவிட்டாரல்லர். கைதிகளை மனிதராக மதித்த ஆட்சியாளர் அவர். 1816இல் நாளொன்றுக்கு மூன்று சிலிங் வேதனத்தில் கிறீன்வேயை அரசாங்கக் கட்டடக் கலைஞராக நியமித்தார்.

முதல் வேலை, சிட்னித் துறைமுக வாயிலில் ஒரு வெளிச்சவீடு. கிடைத்த கல் மென்மையானது, உதிர்ந்துவிடும் என்று கிறீன்வே முன்னரே எச்சரித்தார்; அவ்வாறே நிகழ்ந்தது. 1883இல் அதனருகே, ஏறக்குறைய அதே தோற்றத்தில், வேறொன்று எழுந்தது. ஆயினும் முதற் கோபுரங் கண்டு மகிழ்ந்த மக்குவாரி, 1817 டிசம்பரில் அவருக்கு நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பு வழங்கினார். ஹைட் பார்க்கிலே கைதிகள் தங்குவதற்கான விடுதி 1819இல் முடிவுற்றதும் முழு மன்னிப்பும் கிட்டியது. கைதி வரைந்து, கைதிகள் செங்கல் அடுக்கி, கைதிகளே உறங்கிய அக்கட்டடம் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. விண்ட்சர் என்னும் ஊரிலுள்ள புனித மத்தேயு ஆலயமும் அவர் கைவண்ணமே.

எனினும் நாவடக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. ஒப்பந்தக்காரரின் குறைகளை வெளிப்படையாகச் சுட்டிப் பகை தேடிக்கொண்டார். இராணுவ அதிகாரி ஒருவர் அவரைக் குதிரைச் சவுக்கால் அடிக்க, அவரோ நீதிமன்றம் சென்றார். 1819இல் இலண்டனிலிருந்து வந்த விசாரணை ஆணையாளர் பிக், கைதிகளின் நாட்டுக்கு இத்துணை ஆடம்பரம் எதற்கென்று குறைகூறினார். நீதிமன்றமாகத் தொடங்கிய கட்டடமொன்று அவர் தலையீட்டால் புனித யாக்கோபு ஆலயமாக மாறியது. 1822இல் மக்குவாரி தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே கிறீன்வே பதவி இழந்தார். கட்டடங்களுக்குரிய கூலியெனப் பல்லாயிரம் பவுண் கோரி எழுதிய மனுக்கள் அரசாங்கத்தின் பகையையே வளர்த்தன.

1837 செப்டெம்பரில், வறியவராய், ஈஸ்ற் மெயிற்லண்ட் என்னுமிடத்தில் அடையாளக் கல்லின்றி அடக்கம் செய்யப்பட்டார். அவர் முகந் தாங்கிய தாள் 1993இல் புதிய தாள் வரும்வரை வெளியிடப்பெற்றது. அத்தாள் வெளிவந்த 1966ஆம் ஆண்டு டிசம்பரிலேயே, அதனைப் போலியாக அச்சிட்டு ஒரு கூட்டத்தார் புழக்கத்தில் விட்டிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது.