கோதுமை வயலில் ஒரு ஊர்க்கூடம் - கனடா உக்ரேனியர்களின் விழாவும் வியாபாரமும்

கனடாவின் மனிடோபா மாநிலத்தில் டாஃபின் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. சுற்றிலும் கோதுமை வயல்கள். 1966ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கோடையிலும் இங்கே உக்ரேனியத் திருவிழா நடந்து வருகிறது. பூவேலை செய்த சட்டைகள், உயரே எகிறிக் குதிக்கும் ஆட்டக்காரர்கள், வரும் விருந்தினருக்கு ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்கும் பழக்கம் என்று ஊரே மாறிவிடும். வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு இது ஆட்டமும் பாட்டமும் சாப்பாடும்தான். ஆனால் இந்த விழாவுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் பசி இருக்கிறது, சிறை இருக்கிறது, அண்ணன் தம்பிச் சண்டை இருக்கிறது, கூடவே கணக்குப் புத்தகமும் இருக்கிறது!

பத்து டாலருக்கு 160 ஏக்கர்

1891ஆம் ஆண்டு செப்டம்பரில் இவான் பிலிபிவ், வாசில் எலெனியாக் என்ற இரண்டு விவசாயிகள் கனடாவில் வந்து இறங்கினார்கள். இருவரும் நெபிலிவ் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் கிராமம் இருந்த கலீசியா பகுதி அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. உக்ரேன் என்ற பெயரில் தனி நாடு எதுவும் அன்று உலக வரைபடத்தில் இல்லை.

கலீசியாவில் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக்கொண்டே வந்தது. தகப்பனுக்கு இருந்த சிறு வயலை நான்கு பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு என்ன மிஞ்சும்? கனடாவிலோ பத்து டாலர் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர் நிலம். ல்விவ் நகரைச் சேர்ந்த யோசிப் ஒலெஸ்கிவ் என்ற வேளாண்மைப் பேராசிரியர் 1895இல் கனடாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு, இந்த வாய்ப்பைப் பற்றிச் சிறு நூல்கள் எழுதினார். அடுத்த ஆண்டு கனடாவின் உள்துறை அமைச்சரான கிளிஃபர்ட் சிஃப்டனும் மேற்குப் புல்வெளிகளில் பாடுபட்டு உழைக்கும் விவசாயிகளைத் தேடிக்கொண்டிருந்தார். முதல் உலகப்போர் தொடங்கும் முன் சுமார் 1,70,000 பேர் இப்படி வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் முதலில் மண்ணைத் தோண்டிக் குடிசை போட்டார்கள். பிறகு கோயில் கட்டினார்கள். அதற்கடுத்து அவர்கள் கட்டியது 'நரோத்னி தீம்' எனப்படும் மக்கள் இல்லம். நம் ஊர்ப் பக்கத்துச் சமுதாயக் கூடம் போன்றது என்று சொல்லலாம். 1868இல் ல்விவ் நகரில் தொடங்கிய 'புரொஸ்வித்தா' என்ற அமைப்பின் படிப்பகங்கள்தான் இதற்கு முன்மாதிரி. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அதே கூடத்தில் நாடகம் நடக்கும், பாட்டுக்குழு பயிற்சி எடுக்கும், திருமண விருந்தும் நடக்கும்.

கூடம் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? மக்கள் கையிலிருந்துதான். மரம் கொடுத்தவர்கள், உடலுழைப்புக் கொடுத்தவர்கள் உண்டு. மீதிக்கு நாடகம் போட்டு நுழைவுக் கட்டணம் வசூலித்தார்கள். பெண்கள் சமைத்து விற்றார்கள். கலை நிகழ்ச்சியும் காசு சேர்ப்பதும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகத்தான் வளர்ந்தன.

முள்வேலிக்குள்

1914இல் போர் வந்தது. கனடா பிரிட்டனின் பக்கம், ஆஸ்திரியா எதிரிப் பக்கம். உக்ரேனியர்களின் கையில் இருந்ததோ ஆஸ்திரியக் குடியுரிமைச் சான்று. எந்தப் பேரரசின் வறுமையிலிருந்து ஓடி வந்தார்களோ, அதே பேரரசின் ஆட்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். 1914 முதல் 1920 வரை நாடு முழுவதும் 24 முகாம்களில் 8,579 பேர் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் 5,000க்கும் மேற்பட்டோர் உக்ரேனியர்கள். இன்னும் சுமார் 80,000 பேர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, அவ்வப்போது போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் பான்ஃப் மலைப் பூங்காவின் சாலைப் பணிகளில் இந்தக் கைதிகளின் உழைப்பும் இருக்கிறது.

1916இல் மனிடோபாவில் இருமொழிப் பள்ளிகளும் ஒழிக்கப்பட்டன. பள்ளியில் மொழிக்கு இடமில்லை என்றானதும், அந்தப் பொறுப்பும் ஊர்க்கூடத்தின் தலையில் விழுந்தது. மாலை நேர வகுப்பு, பாட்டு, நாடகம் வழியாகத்தான் பிள்ளைகள் தாய்மொழியைக் கற்க முடிந்தது.

இதே காலத்தில்தான் மேடைக்கலையும் பெரிய அளவில் வந்தது. ஒலெக்சாந்தர் கோஷெட்ஸ் தலைமையிலான உக்ரேனியப் பாட்டுக்குழு 1922 அக்டோபர் 5 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் 'ஷெத்ரிக்' என்ற புத்தாண்டுப் பாடலைப் பாடியது. மிக்கோலா லெயொந்தோவிச் இசையமைத்த அந்தப் பாடல்தான் பிற்பாடு ஆங்கிலச் சொற்களோடு உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ் பாடலாகப் பரவியது. கோஷெட்ஸ் தம் கடைசி ஆண்டுகளில் வின்னிபெக் நகருக்கு வந்து கோடைக்கால வகுப்புகளில் பாட்டுக்குழு நடத்தக் கற்றுக்கொடுத்தார். 1944இல் அங்கேயே காலமானார். வாசில் அவ்ராமென்கோ என்ற நடனக் கலைஞர் 1925இல் கனடாவுக்கு வந்து ஊர் ஊராக நடனப் பள்ளிகளைத் தொடங்கினார். கிராமத்துக் கல்யாணத்தில் ஆடிய ஆட்டம் மேடைக்கு ஏறியது இப்படித்தான்.

ஒரே மொழி, இரண்டு கூடம்

வெளியிலிருந்து பார்த்தால் உக்ரேனியர்கள் ஒரே சமூகம். உள்ளே கடும் பிளவு. வின்னிபெக்கில் 1918-19இல் தொழிலாளர்கள் தங்கள் கையாலேயே 'உக்ரேனியத் தொழிலாளர் கோயில்' என்ற பெரிய மாளிகையைக் கட்டினார்கள். 1919ஆம் ஆண்டு நடந்த புகழ்பெற்ற வின்னிபெக் பொது வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை அங்கே சோதனை நடத்தியது. இந்தப் பிரிவினர் இடதுசாரிகள். சோவியத் ஆட்சியை ஆதரித்தவர்கள். எதிர்ப்பக்கம் தேசியவாதிகளும் திருச்சபையினரும் இருந்தார்கள். இரு தரப்பும் பாடியது ஒரே நாட்டுப்பாடல்களை, ஆடியது ஒரே ஆட்டத்தை. ஆனால் ஒருவர் கூடத்தில் இன்னொருவர் கால் வைக்க மாட்டார்!

1940இல் கனடா அரசு இடதுசாரி அமைப்பைத் தடைசெய்து, நூற்றுக்கும் மேற்பட்ட கூடங்களைப் பறிமுதல் செய்தது. அவற்றில் சில எதிர்த்தரப்பு அமைப்புகளுக்கே விற்கப்பட்டன. நூல்களும் அழிந்தன. தடை 1943இல் நீங்கிய பிறகு கூடங்கள் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தன. ஆனால் அந்தக் காயம் ஆற வெகுகாலம் ஆயிற்று. அதே 1940இல்தான் மற்ற அமைப்புகள் ஒன்றுகூடி இன்றைய உக்ரேனியக் கனடியப் பேரவையின் முன்னோடியை உருவாக்கின.

கடன் சங்கமும் கடைத்தெருவும்

1930களின் பெருமந்தம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. பெயரை உச்சரிக்கவே சிரமப்பட்ட வங்கி அதிகாரியிடம் போய் நிற்கும் விவசாயிக்குக் கடன் கிடைப்பது எளிதாக இல்லை. தங்கள் சேமிப்பைத் தாங்களே சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இதற்கு விடையாக வந்தன. 1939இல் சாஸ்கடூன் நகரில் ஒன்று, 1940இல் வின்னிபெக்கில் 'கார்பாத்தியா' என்ற இன்னொன்று என இவை தொடங்கின.

இவற்றின் வேலை எளிமையானது. ஒருவர் போடும் சேமிப்பு இன்னொருவரின் வீட்டுக்கடனாகிறது. ஆண்டு முடிவில் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கு நடனக் குழுவுக்கும், சனிக்கிழமை மொழிப்பள்ளிக்கும், விழாவுக்கும் நன்கொடையாகப் போகிறது. விழாவுக்கு வருபவர் அங்கே கடன் சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து உறுப்பினராகிறார். பண்பாடு வியாபாரத்துக்கு ஆள் சேர்க்கிறது, வியாபாரம் பண்பாட்டுக்குச் சோறு போடுகிறது.

டொராண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெரு இன்னொரு உதாரணம். 1960களின் பிற்பகுதியில் சுரங்க ரயில் வந்ததும், டிராமில் போன வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே ஒரு வரி விதித்துக்கொண்டு தெருவை மேம்படுத்தும் திட்டம் 1970இல் அங்கே பிறந்தது. இந்த வகைத் திட்டத்தில் உலகிலேயே இதுதான் முதலாவது. உக்ரேனியர்கள் அதிகம் குடியிருந்த அந்தத் தெருவில்தான் 1990களிலிருந்து டொராண்டோ உக்ரேனியத் திருவிழா நடந்து வருகிறது. தெருவை அடைத்து, மேடை போட்டு, கடை விரித்து, ஊரையே அழைக்கிறார்கள்.

மேடையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

1960களில் கனடா அரசு தன் நாட்டை ஆங்கிலம், பிரெஞ்சு என்ற இரண்டு பண்பாடுகளின் நாடு என்று பேசத் தொடங்கியது. அப்படியானால் காடு வெட்டிக் கழனியாக்கிய நாங்கள் யார் என்று உக்ரேனியர்கள் கேட்டார்கள். செனட் உறுப்பினர் பால் யூசிக் 1964இல் தம் முதல் உரையிலேயே கனடா பல பண்பாடுகளின் நாடு என்று வாதிட்டார். 1971 அக்டோபர் 8 அன்று பிரதமர் பியர் ட்ரூடோ பன்முகப் பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தார். மறுநாளே வின்னிபெக்கில் உக்ரேனியர் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினார். இன்று கனடாவில் வாழும் எல்லாச் சமூகங்களும், ஈழத்தமிழர் உட்பட, அனுபவிக்கும் அந்தக் கொள்கைக்குப் பின்னால் இந்தக் கோதுமை விவசாயிகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

1975இல் ஆல்பர்ட்டாவின் வெக்ரவில் ஊரில் ஒரு மாபெரும் 'பிசங்கா' முட்டை எழுந்தது. ஈஸ்டருக்கு மெழுகால் கோலம் வரைந்து சாயம் ஏற்றும் முட்டைதான் பிசங்கா. கணினி அறிஞர் ரொனால்ட் ரெஷ் கணக்கிட்டு வடிவமைத்த அந்த உலோக முட்டையில் 2,208 முக்கோணத் துண்டுகளும், நட்சத்திர வடிவத் துண்டுகள் 524ம் உள்ளன. பாட்டி கைவேலை, ஊருக்குச் சுற்றுலா வருமானமாக மாறிய கதை இது!

1991 டிசம்பர் 2 அன்று, உக்ரேன் மக்கள் விடுதலைக்கு வாக்களித்த மறுநாள், அதை அங்கீகரித்த முதல் மேற்கத்திய நாடு கனடா. அன்று கனடாவின் ஆளுநர் தலைவராக இருந்தவர் உக்ரேனிய வம்சாவளியினரான ரே நாட்டிஷின். இரு நாடுகளுக்கும் இடையிலான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2016இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் 2024 ஜூலையில் அமலானது.

மிச்சம் இருப்பது

இவ்வளவுக்கும் பிறகு ஒரு உண்மையை மறைக்க முடியாது. 2021 கணக்கெடுப்பில் சுமார் 12.6 லட்சம் கனடியர்கள் தங்களுக்கு உக்ரேனிய வேர் உண்டு என்றார்கள். அவர்களில் வீட்டில் உக்ரேனிய மொழி பேசுவோர் மிகச் சிறிய பங்குதான். பேரன் ஆட்டம் ஆடுவான், கொழுக்கட்டை போன்ற 'வரெனிக்கி'யை விரும்பிச் சாப்பிடுவான், ஆனால் பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியாது. விவசாயிகள் நகரங்களுக்குப் போனதால் பல கிராமத்துக் கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. மொழி போன பிறகு வெறும் ஆட்டமும் சாப்பாடும் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

அதற்கு 2022 ஒரு பதில் சொன்னது. ரஷ்யாவின் முழு அளவிலான படையெடுப்புக்குப் பிறகு, 2024 வசந்தத்துக்குள் கிட்டத்தட்ட 3 லட்சம் உக்ரேனியர்கள் சிறப்பு அனுமதியில் கனடாவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் படுக்கை, உடை, வேலை தேடித் தந்த இடங்களில் பழைய தேவாலயங்களும் ஊர்க்கூடங்களும் முன்னால் நின்றன. கொழுக்கட்டை விற்ற சமையலறை அகதிகளுக்குச் சமைத்தது. கடன் சங்கம் புதியவர்களுக்குக் கணக்குத் திறந்தது. மொழி தெரியாத பேரன் வந்தவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

1891இல் வந்த இருவருக்குக் கூடம் இல்லை, வரவேற்க ஆளும் இல்லை. 130 ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்கு இரண்டும் இருந்தன. அந்த வித்தியாசத்தைத்தான் இத்தனை விழாக்களும் நுழைவுச்சீட்டுகளும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தன.