அப்பா விட்டுச் சென்ற பழைய பைக்குகள்: ஆர்.சி மாற்றம் முதல் பாதியில் நின்ற வேலை வரை - வாரிசுகள் என்ன செய்ய வேண்டும்?

ஓடுகிற நிலையில் ஒரு ஜாவா, டேங்க் கழற்றிய யெஸ்டி, வெறும் சேஸிஸாக நிற்கும் ராஜ்தூத், எந்த வண்டியுடையது என்றே தெரியாத நான்கு அட்டைப்பெட்டி உதிரிபாகங்கள். பழைய பைக்குகளைச் சேகரித்த ஒருவர் இறந்துபோனால், குடும்பத்தின் கைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காரியம் முடிவதற்குள், "சும்மாதானே கிடக்குது, ஒரு விலை சொல்லுங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

அவருக்குப் பதில் சொல்ல அவசரமில்லை. அவசரம் வேறொரு இடத்தில் இருக்கிறது.

30 நாள், 3 மாதம்: எதற்கு இந்தக் கெடு?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 56-வது விதிப்படி, உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தகவல் சொன்னால், வண்டி யார் கையில் இருக்கிறதோ அந்த வாரிசு 3 மாதம் வரை அதை ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஆர்.சி, இன்சூரன்ஸ் தேவை. நடைமுறையில் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதமும் கேட்பார்கள். இறந்தவர் பெயரிலுள்ள இன்சூரன்ஸும் இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும்.

2021 முதல் ஆர்.சி-யிலேயே நாமினி பெயரைச் சேர்க்கலாம். அப்பா சேர்த்திருக்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள்.

உயில் இல்லாத இந்துக் குடும்பம் என்றால், 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் என எல்லோருக்கும் சம பங்கு. "பைக் பைத்தியம் அவனுக்குத்தான், அவனே வச்சுக்கட்டும்" என்று வாய்வார்த்தையாக முடிப்பது சுலபம். ஆனால் அதே வண்டி பின்னால் நல்ல விலைக்குப் போனால், அந்தப் பேச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி-யில் அப்பா பெயரே இல்லையா?

சேகரிப்பாளர்களின் வீட்டில் அடிக்கடி தலைதூக்கும் சிக்கல் இதுதான். 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வண்டி. விற்றவர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்கள் வெற்றாகவே பீரோவில் இருக்கும். பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வண்டிக்குப் படிவம் 31 பயன்படாது. பதிவேட்டில் உரிமையாளர் இன்னும் அந்தப் பழைய ஆள்தான். அவரையோ அவருடைய வாரிசுகளையோ தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. அப்பா எப்போதோ விற்றுவிட்ட வண்டி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஷெட்டில் இருப்பதை மட்டும் எண்ணினால் போதாது. அவர் பெயரில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மிகப் பழைய எண்கள் கணினியில் ஏறாமலே இருக்கலாம். அதற்கு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் 'பேக்லாக் என்ட்ரி' கேட்க வேண்டும்.

ஒரு எளிய அட்டவணை போட்டுவிடுங்கள். வண்டி, சேஸிஸ் எண், என்ஜின் எண், ஆர்.சி-யில் உள்ள எண்கள், யார் பெயர், எதுவரை செல்லும். சேஸிஸ் எண் ஆர்.சி-யோடு ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதன் விலை கிட்டத்தட்ட உதிரிபாகங்களின் விலைதான்.

விண்டேஜ் பதிவு வாங்கலாமா?

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், என்ஜின் போன்றவை பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2021-ல் தனி விதிகள் வந்தன. 10 ஆண்டுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. புதிய பதிவு என்றால் எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். 1965 ஜாவா இதற்குத் தகுதி பெறும். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ் 100, 2035 வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் விண்டேஜ் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு என்ற காரணங்களுக்குத்தான் சாலைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ரவுண்டு போகத்தான் வண்டி என்றால், சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே நல்லது என்பது என் கருத்து. அதற்கும் வண்டி ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். பெட்டியில் கிடக்கும் வண்டியைக் காட்ட முடியாது. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். (டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கான கட்டுப்பாடு தனிக்கதை.)

பாதியில் நிற்கும் வண்டிகளை என்ன செய்வது?

முதலில், எதையும் சுத்தம் செய்யாதீர்கள். பெட்டிகள் எந்த வண்டிக்குப் பக்கத்தில் இருந்தன என்பதே ஒரு தகவல். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். மைசூரில் ஜாவா, யெஸ்டி தயாரித்த ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டது. ஆர்.எக்ஸ் 100 உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. காயலான் கடைக்கு எடை போட்டுக் கொடுத்த பெட்டியில் ஒரிஜினல் கார்புரேட்டரோ டேங்க் மூடியோ இருந்திருந்தால், அதைத் திரும்ப வாங்க எந்த ஷோரூமும் இல்லை.

அடுத்து, அப்பாவின் மெக்கானிக்கைப் பாருங்கள். காணாமல்போன பாகங்கள் பல நேரம் வீட்டில் இருக்காது. சிலிண்டர் போரிங்குக்காக லேத் பட்டறையில் இருக்கும். சைலன்ஸரும் மட்கார்டும் குரோம் பூசக் கொடுத்த இடத்தில் இருக்கும். டேங்க் பெயின்டரிடம் இருக்கும். முன்பணம் கொடுத்த கணக்கு அப்பாவின் டைரியிலோ போனிலோ இருக்கலாம். அந்தப் போனை அழித்துவிட வேண்டாம். அந்த மெக்கானிக்குக் கூலி பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். எந்த வண்டியில் என்ன வேலை மிச்சம் என்று சொல்லக்கூடியவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

பல ஆண்டு நின்ற வண்டியைக் கிக் அடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிஸ்டன் இறுகியிருந்தால் அந்த ஒரு உதையே சேதம் செய்துவிடும். பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிடுவதே வழக்கம். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வெளியேற்றுங்கள். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் படக்கூடாது.

விற்றால் வரி உண்டா?

இந்தியாவில் வாரிசு வரி கிடையாது. எஸ்டேட் வரி 1985-லேயே நீக்கப்பட்டது. விற்கும்போதுதான் கேள்வி வரும். சொந்த உபயோகத்துக்கான வாகனத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 ஃபோர்டு காரை 21 லட்சத்துக்கு விற்ற ஒரு சேகரிப்பாளர் இதே காரணத்தைச் சொன்னார். ஓட்டக்கூடிய வண்டி என்றால் மட்டும் போதாது, உண்மையிலேயே ஓட்டியதைக் காட்ட வேண்டும் என்று 2025-ல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் ரசீது, பெட்ரோல் கணக்கு எழுதிய அந்த அழுக்கு நோட்டு, எல்லாவற்றையும் ஆர்.சி-யோடு சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள்.