வில்லியம் ஜேம்ஸ்: உண்மையின் ரொக்க மதிப்பு

வில்லியம் ஜேம்ஸ் (1842–1910) என்றதுமே ‘அமெரிக்க வியாபாரத்தின் தத்துவவாதி’ன்னு ஒதுக்கிவிடுகிறோம். ஒரு கருத்தின் ரொக்க மதிப்பு என்ன என்று கேட்டவராயிற்றே! ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1870இல் மனச்சோர்வில் தவித்த இந்த இளைஞர், சுயேச்சை உண்டென்று நம்புவதையே தன் சுயேச்சையின் முதல் செயலாக்குவதென்று நாட்குறிப்பில் எழுதினார். நம்பிக்கையே அவருக்கு ஒரு செயல்தான். 1890இல் வந்த ‘உளவியல் கோட்பாடுகள்’ நனவை ஓடும் நீராகப் பார்த்தது. 1907இல் வந்த ‘நடைமுறைவாத’ உரைகளிலோ, உண்மை என்பது கருத்துக்குள் உறைந்து கிடப்பதல்ல, விளைவுகளில் உண்மையாவது.

அப்படின்னா ஜெயிச்சவன் சொல்றதெல்லாம் உண்மையா? இங்கேதான் 1899 முக்கியமாகிறது. பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை போர் தொடுத்தபோது ஜேம்ஸ் பத்திரிகையில் கடுமையாக எதிர்த்து எழுதினார். ‘நாகரிகம்’ என்ற சொல் அந்தத் தீவுகளில் நடைமுறையில் என்ன செய்கிறது? விடுதலை கேட்டவர்களைக் கொல்கிறது. விளைவு யார் தலையில் விழுகிறது என்று கேட்ட மாத்திரத்தில் ரொக்கக் கணக்கு ஆள்வோருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

குறையும் உண்டு. போருக்கு மாற்று தேடிய 1910ஆம் ஆண்டுக் கட்டுரையில், இளைஞர்களை இயற்கைக்கு எதிரான படையாகத் திரட்டச் சொன்னார். போரை வெறுத்தவரின் கற்பனையிலும் பட்டாளம்தான் அணிவகுத்தது. அவருடைய கேள்வியை அவர்மீதும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.