வடிமணலும் உயிரும்

கடலில் வாழும் மீனுக்குத் தூய்மை பற்றிய கவலை இல்லை. அலையும் ஏற்றவற்றமும் அதன் கழிவை நாள்தோறும் அகற்றுகின்றன. ஜொகூர்க் கரையில் முகந்த கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் தேக்கி மீன்களை விட்டாலோ, சில நாள்களில் அந்நீரே நஞ்சாகிறது. கடல் செய்யும் பணியை அங்கே வடிகட்டி செய்யவேண்டும்; வடிகட்டியை மனிதன் பேணவேண்டும். எவ்வாறு பேணுவது என்பது பல பிழைகளுக்குப் பின்னரே விளங்கிற்று.

1853இல் இலண்டன் ரீஜண்ட் பூங்கா விலங்குச் சாலையில் மீன்காட்சியகம் திறக்கப்பெற்றது. நீர்த்தாவரங்கள் உயிர்க்காற்றை வெளியிட்டு மீனைக் காக்கும் என்பதே அந்நாளைய கொள்கை. சிறு கலத்தில் அஃது ஓரளவு பலித்தது. மீன் மிகுந்த பெருந்தொட்டிகளுக்குப் போதவில்லை. வில்லியம் ஆல்போர்டு லாயிடு என்பவர் வேறு வழி கண்டார். 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் அவர் அமைத்த காட்சியகத்தில், தொட்டிகளினும் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருளில் இருந்தது. பம்புகள் அந்நீரை இரவும் பகலும் தொட்டிகளுக்கு ஏற்றின. அது மீண்டும் தேக்கத்திற்கே வடிந்தது. நீரை அடிக்கடி மாற்றுவதைவிட ஓயாது ஓடச் செய்வதே மேல் என்பது அவர் துணிபு.

உப்புநீர் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கரைந்த செம்பு இறால், நண்டு, பவளம் முதலியவற்றைக் கொல்லும். எனவே அக்காலத்தார் எபோனைட் என்னும் கடின இரப்பரால் குழாய் செய்தனர். இரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் அது கிடைக்கும். பால்மரத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்த ஜொகூர்த் தமிழர்க்கு இச்செய்தி இனிக்கும். ஆயினும் அந்நாளைய இரப்பர் பெரும்பாலும் தென் அமெரிக்கக் காட்டு மரங்களின் பால். மலாயாத் தோட்டங்கள் பின்னரே தோன்றின.

ஓடும் நீர் ஏன் தூய்மையாகிறது? 1877இல் பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங்கும் மூன்ட்சும் சாக்கடை நீரை மணல் நிரப்பிய குழாயில் மெல்ல இறக்கினர். முதல் இருபது நாள்கள் மாற்றம் ஏதும் இல்லை. பின்னர் அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. மண் கரைத்த நீரை ஊற்றியபின் மீண்டும் தொடங்கிற்று. ஆகவே இது மணலின் வேலையன்று. மணலில் ஒட்டிய உயிரின் வேலை. 1890இல் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இவ்வுண்மை துப்புரவு முறையையே மாற்றியது. வடிமணலைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவோன், குளோரினாலும் உப்பின்மையாலும் அந்நுண்ணுயிர்களை அழிக்கிறான். வடிகட்டி கண்ணுக்குத் தூய்மையாகும். தொட்டியிலோ அம்மோனியா ஏறி மீன் மாளும். ஆதலால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய கடல்நீரிலேயே அலசுதல், ஒருமுறை ஒரு பகுதியையே அலசுதல், சவர்க்காரம் சேர்க்காமை ஆகியவை விதிகளாயின. சேற்றை அகற்றாது விட்டாலும் கேடுண்டு: நீரோட்டம் அடைபட்டு நுண்ணுயிர்கள் உயிர்க்காற்றின்றி மடியும். பம்பு நின்றாலும் அதே நிலைதான். வெப்ப நாட்டு நீர் தாங்கும் உயிர்க்காற்று குறைவாதலால் இங்கே கேடு விரைந்து வரும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகக் குளோரின் நீங்கிய நன்னீரையே ஊற்றவேண்டும். ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் 1909இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பெற்ற மீன்காட்சிச் சாலை, போர்க்காலத்தில் 1942இல் மூடப்பட்டது. ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் 1955இல் திறக்கப்பெற்ற வான் கிளீஃப் காட்சிச் சாலை 1998இல் இடிக்கப்பட்டது. கட்டடங்கள் மறைந்தன, அறிவு மறையவில்லை. ஜொகூரில் இறாலும் கொடுவாவும் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் மணலும் பம்பும் இன்றும் உழைக்கின்றன. அங்கே வடிகட்டி அலசும் தொழிலாளியை எளிய துப்புரவாளன் என எண்ணுதல் தவறு. எதைக் கழுவுவது, எதை விட்டுவைப்பது என அறிந்தவனே அத்தொழிலில் வல்லவன். ஆயிரமாயிரம் குஞ்சுகளின் உயிர் அவன் கையில் இருக்கிறது.