ஸ்மட்ஸ் வைத்திருந்த செருப்பு

ஆரோ தந்த ஒரு சோடி சப்பாத்து. அளவு சரி, ஆனால் எங்கட ஸ்டைல் இல்லை. வைத்திருப்பதா, வேறு ஆருக்கும் குடுப்பதா? எங்களில் பலர் அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மறந்துபோவோம். நூறு வருசத்துக்கு முன் தென்னாபிரிக்காவில் ஒரு அமைச்சருக்கும் இந்தக் கேள்வி வந்தது. அவர் எடுத்த முடிவைப் பற்றித்தான் இங்கே கதைக்கிறோம்.

அமைச்சரின் பெயர் யான் ஸ்மட்ஸ். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர், போவர் யுத்தத்தில் தளபதியாக நின்றவர். அவருக்குக் கிடைத்தது ஒரு சோடி தோல் செருப்பு. செய்தவர் காந்தி. செய்த இடம் மறியல். காந்தியை மறியலில் போட்டதும் ஸ்மட்ஸ் இருந்த அரசாங்கம்தான்.

ஒரு பாரிஸ்டருக்குச் செருப்புத் தைக்க எப்படித் தெரியும்? 1910இல் ஹெர்மன் கலன்பாக் என்ற கட்டடக் கலைஞர், யோகன்னஸ்பேர்க்குக்கு அருகில் இருந்த தன் 1,100 ஏக்கர் நிலத்தைப் போராட்டக்காரரின் குடும்பங்கள் தங்கக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. கலன்பாக், நேட்டாலில் மரியன்ஹில் என்ற இடத்திலிருந்த கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கப் பழகிவந்தவர். அவரிடம் காந்தி பழகினார், காந்தியிடம் மற்றவர்கள் பழகினார்கள்.

தோல் வேலையைத் தீட்டென்று சொல்லி, அதைச் செய்தவர்களையும் தள்ளிவைத்த சமூகத்தில் பிறந்தவர் காந்தி. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் செருப்புப் போட்டு நடக்கவே தடை இருந்ததை அறிந்த எங்களுக்கு, அவர் தோலைக் கையில் எடுத்தது சின்ன விசயமில்லை. யோசிச்சுப் பார்த்தால், அந்தச் செருப்பு ஸ்மட்ஸுக்கு முன் காந்திக்கே பழக்கமில்லாத ஒன்று.

1913க்கு வருவோம். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாத இந்தியத் தொழிலாளர், வருசத்துக்கு 3 பவுண் வரி கட்டவேண்டியிருந்தது. அந்த மார்ச்சில் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கலியாணங்கள் செல்லாது என்றது. நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். நவம்பரில் 2,000க்கு மேற்பட்டோர் திரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் நிறையப் பேர். அந்தப் போராட்டத்தில் மறியலுக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பெப்ரவரி 22இல் இறந்தார். வயது 16.

1914இன் நடுப்பகுதியில் புதுச் சட்டம் வந்தது. வரி ஒழிந்தது, கலியாணங்கள் ஏற்கப்பட்டன. ஜூலையில் காந்தி கப்பலேறினார். செருப்பு ஸ்மட்ஸிடம் இருந்தது.

ஸ்மட்ஸுக்குக் காந்தி போனதில் பெரிய நிம்மதி. இந்தப் புனிதர் இனித் திரும்பி வரமாட்டார் என்று நம்புவதாக ஒரு கடிதத்தில் எழுதியுமிருக்கிறார். செருப்பை எறிந்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எறியவில்லை, போட்டார். 1939இல் காந்தியின் 70ஆவது பிறந்தநாளுக்காக ராதாகிருஷ்ணன் தொகுத்த நூலில், பல கோடைகாலங்கள் அதைப் போட்டதாகவும், அவ்வளவு பெரிய மனிதரின் இடத்தில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்று உணர்வதாகவும் எழுதினார்.

எதிரியின் மனதையும் வென்ற செருப்பு என்று இந்தக் கதையை வழக்கமாக இதோடு முடிப்பார்கள். எங்களுக்கு இதோடு முடிக்க மனமில்லை. 1946இல் ஸ்மட்ஸ் பிரதமர். இந்தியர் எங்கே காணி வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தை அவருடைய அரசாங்கமே கொண்டுவந்தது. சனம் அதற்குக் 'கெட்டோ சட்டம்' என்று பேர் வைத்தது. திரும்பவும் டர்பனில் சத்தியாக்கிரகம், திரும்பவும் மறியல். காந்தியின் 1913 போராட்டமும் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்ததில்லை; அதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேணும்.

அப்ப ஸ்மட்ஸ் செருப்பை வைத்திருந்தது பிழையா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. தன் பழக்கத்துக்கு வெளியே இருந்த ஒன்றுக்குக் காலைக் கொடுத்துப் பார்த்தார், அதுவே பலர் செய்யாதது. ஆனால் கோடையில் போட்டுவிட்டு விரும்பினபோது கழற்றி வைக்கிறதுக்கு அவருக்கு ஒரு செலவும் இல்லை. 3 பவுண் வரியை அப்படிக் கழற்றி வைக்க ஒரு தொழிலாளிக்கும் முடியவில்லை.

எங்கட அலுமாரிகளிலும் மற்றவரின் போராட்டத்திலிருந்து வந்த சாமான்கள் இருக்கு. பலஸ்தீனச் சால்வை, சே குவேரா படம் போட்ட ரீசேர்ட். எங்களுக்குப் பொருந்துமா என்று கண்ணாடியில் பார்க்கிறோம். அந்த உடுப்புக்குரிய சனம் என்ன கேட்டது, அதற்கு நாங்கள் ஓம் சொல்லுறோமா என்றும் பார்க்கவேணும். ஸ்மட்ஸ் செருப்புக்கு ஓம் சொன்னவர். அதைத் தைத்தவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் 1946இன் சட்டத்தில் இருக்கிறது.