மணல் லாரியும் தோட்ட ஜீப்பும்: முல்லைப்பெரியாறு எல்லையின் இன்னொரு வரலாறு



நாம் கூடியிருக்கும் பழனிசெட்டிபட்டி ஒரு கணக்கின் கடைசி ஊர். லோயர் கேம்ப் தொடங்கி இந்த ஊர் வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று பொதுப்பணித்துறை எழுதுகிறது. அந்த ஏக்கரில் நாற்று நட்டவர் யார், பட்டா யாருடையது என்று அந்த ஏடு சொல்லாது. இன்று நான் பேச வந்தது அந்த நீர் புறப்படும் இடத்தில் இரண்டு அரசுகளின் காவல் எதிரெதிரே நிற்பதைப் பற்றி.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. திரிபுராவில் பெலோனியாவை ஒட்டி முகுரி ஆறு ஓடுகிறது. மறுகரை வங்கதேசம். ஆறு கரையை அரித்து இடம் மாறும்போது எல்லையும் இடம் மாறியதாக ஒருவர் சொல்வார், இல்லை என்பார் மற்றவர். ஒரு பக்கம் கரையில் கல் அடுக்கினால் நீரின் வேகம் எதிர்க்கரையைத் தாக்கும். உடனே எல்லைக் காவலர்கள் வேலையை நிறுத்தச் சொல்வார்கள். நடுவில் விழுந்த மணல்திட்டுக்காக 1979இல் துப்பாக்கிச் சூடே நடந்தது. கரை இடிந்து வீட்டை இழந்தவன் எந்தக் கரையானாலும் குடிசைக்காரன்தான்.

நம் பக்கம் துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் பழுதுபார்க்கும் வேலையை வைத்தே பகை வளர்ந்ததில் இரண்டும் ஒன்றுதான். அதே 1979இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்தது. முல்லைப்பெரியாறும் உடையும் என்ற அச்சம் கேரளத்தில் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தினால் மட்டத்தை உயர்த்தலாம் என்று பேச்சு. மேலே கான்கிரீட் மூடி, கம்பிவட நங்கூரம், பின்புறம் கான்கிரீட் தாங்கல் எல்லாம் செய்தார்கள். பக்கத்திலுள்ள பேபி அணையில் வேலை தேங்கி நின்றது.

அணையை இயக்குவது தமிழ்நாடு. நிலம் கேரளத்தில், காவல் கேரளப் போலீஸ், சுற்றிலும் காடு கேரள வனத்துறையிடம். ஒரு மூட்டை சிமெண்ட் கொண்டு போகவும் வல்லக்கடவு சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்து, பலப்படுத்தும் பணியைத் தடுக்கக் கூடாது என்றது. கேரளம் அடுத்த மாதமே சட்டம் திருத்தியது. 2014 மே 7இல் அந்தச் சட்டமும் செல்லாது என்றானது. பிறகு அணையின் காவலை மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் கொடுங்கள் என்று தமிழக அரசு கேட்டது. 2021இல் பேபி அணைக்குக் கீழேயுள்ள 15 மரங்களை வெட்ட அனுமதி வந்து, சில நாட்களில் ரத்தானது. அனுமதி கொடுத்த வன அதிகாரி இடைநீக்கம் செய்யப்பட்டார். 2024 டிசம்பரில் எம்-சாண்ட் ஏற்றிய லாரிகள் வல்லக்கடவில் நிறுத்தப்பட்டன.

பராமரிப்பைத் தடுத்துவிட்டு அணை பலவீனம் என்று சொல்வது நேர்மையல்ல. அதேபோல் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் தோட்ட லயத்தில் படுத்திருக்கும் தமிழ்த் தலித் குடும்பத்தின் பயத்தை மலையாளியின் பொய் என்று ஒதுக்குவதும் நேர்மையல்ல. இந்த இரண்டாவதைச் சொன்னால் நம் ஊரில் துரோகி என்பார்கள். சொல்லட்டும்.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 999 ஆண்டு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1887 முதல் 1895 வரை கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் மனித முதுகில் ஏறின. மலைக்காய்ச்சல் பருவத்தில் வேலையே நின்றது, கூலிகள் செத்தார்கள். அணைக்கருகே ஐரோப்பியர் சிலருக்குக் கல்லறை உண்டு. கூலிக்குப் பெயர் பொறித்த கல்லைத் தேடிப் பாருங்கள். பென்னி குயிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறோம். அதில் எனக்குக் குறையில்லை. அவருடைய கட்டளைக்குக் கல் சுமந்தவளுக்கு ஒரு பானை எங்கே என்றுதான் கேட்கிறேன்.

அணை எழுந்துகொண்டிருந்தபோதே, 1892இல், அதே சென்னை அரசாங்கம் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை போட்டது. நீர் வந்து சேர்ந்தது. விலை கூடிய நஞ்சை நம் கைக்கு வரவில்லை. மலையேறினோம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பில் அடைந்து ஏலக்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி நம் சேரிப் பெண்கள்.

2011 டிசம்பரைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். குமுளியில் 144. கம்பத்திலிருந்து எல்லையை நோக்கிப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். இரண்டு மாநிலப் போலீசும் லத்தியோடு நின்றது. இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அந்தப் பக்கம் தமிழ்த் தொழிலாளர் மிரட்டப்பட்டார்கள், காட்டுப்பாதையில் குழந்தைகளோடு இறங்கி வந்தார்கள். பாசன விவசாயிக்குத் தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை. ஏலக்காட்டுக்காரிக்கு அன்றைய கூலி அன்றே நின்றது. போராட்ட மேடைகளில் அவளைப் பற்றி ஒரு கோரிக்கையும் முதலிடத்தில் இல்லை.

மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுப் பூசலை நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தீர்க்கும் பிரிவை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் அண்ணல் அம்பேத்கர். நீர்ப்பாசனப் பொறுப்பை வைசிராய் நிர்வாகக் குழுவில் ஏற்றிருந்தபோதே ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர். மகாத் குளத்தில் நீரள்ளியவருக்கு ஆறு வெறும் அரசாங்கச் சொத்தாகத் தெரியாது. இன்றைய கண்காணிப்புக் குழுவில் பொறியாளரும் அதிகாரியும் உண்டு. தோட்டத் தொழிலாளி இல்லை, நிலமற்ற கூலி இல்லை, இரு மாநிலத்திலிருந்தும்.

மணல் லாரி நின்றதற்கு நாம் மறியல் செய்தோம். செய்யத்தான் வேண்டும். ஜீப் நின்ற நாட்களுக்குக் கூலி யார் தருவது என்று தேனி ஆட்சியரிடமும் இடுக்கி ஆட்சியரிடமும் ஒரே மனுவைக் கொடுக்கத் தொழிற்சங்கத் தோழர்களை அழைக்கிறேன். எல்லையின் இரு பக்கத்துச் சங்கமும் அதில் கையெழுத்திட வேண்டும். 2011இல் மலையிறங்கியவர்களின் வாக்குமூலத்தை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, சேரி சேரியாகப் பதிவு செய்யும் வேலையை இந்த அமைப்பு இந்த ஆண்டே தொடங்கட்டும்.